கீழே நிற்பவள்

அத்தியாயம் 9

போன வாரம் அந்தோனிதாசனை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? மனுசன் கழகக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து முழங்கிவிட்டு, கைதட்டலும் சிரிப்பும் காது நிறைய வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் மனைவி விக்ரோரியா சொன்ன ஒரே ஒரு வசனத்தில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் குந்திவிட்டார்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக அந்தக் கூத்தை இன்னொருக்காச் சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே என்ற ஊரில் உள்ள தமிழர் விளையாட்டுக் கழகத்துக்கு அந்தோனிதாசன்தான் தலைவர். இந்த வருடத்துச் சிறந்த வீராங்கனை விருதுக்கு ஒரு சியர்லீடிங் பிள்ளையின் பெயரையும் சேர்க்கலாமா என்று செயலாளர் ஸ்ரனிஸ்லாஸ் கேட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. கேட்டதுதான் தாமதம், தலைவர் எழும்பிவிட்டார்.

"சியர்லீடிங் விளையாட்டோ? விளையாடுறவனுக்குக் கைதட்டுறது எப்பிடி ஐயா விளையாட்டாகும்? கிரிக்கெட்டிலை சிக்ஸர் அடிச்சால் ஓரத்திலை நிண்டு குஞ்சத்தை ஆட்டிக்கொண்டு துள்ளுவினமே, அது தானே? அப்பிடிப் பார்த்தால் இந்த ஹோலுக்குள்ளை இருக்கிற எல்லாரும் வீரர் தான். வாங்கோ, ஆளுக்கொரு கப் தாறன்!"

சபை சிரித்தது. அத்தோடு விட்டாரா?

"என்ர மகள் மரினாவைப் பாருங்கோ. ரெண்டு வருசமா ஜிம்னாஸ்ரிக் செய்யிறாள். அது விளையாட்டு!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தன்னுடைய பகிடி எடுபட்டுவிட்டது என்று தலைவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த கூட்டத்தில் வாக்குக்கு விடுவோம் என்று ஸ்ரனிஸ்லாஸ் விசயத்தை ஒத்திவைத்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் சொல்லாமல் வைத்திருந்த பெயர் மரினா. வீட்டில் விக்ரோரியா சொன்ன அந்த ஒரே வசனமும் இதுதான்.

டென்மார்க்கில் ஜிம்னாஸ்ரிக் என்றால் அதற்குக் கரை கிடையாது. வயது போனவர்கள் கதிரையில் இருந்து கையை நீட்டி மடக்கினாலும் ஜிம்னாஸ்ரிக்தான், மூன்று வயதுக் குழந்தை மெத்தையில் உருண்டாலும் ஜிம்னாஸ்ரிக்தான். மரினா சேர்ந்த கழகத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. அதற்குள் ஒரு பிரிவுதான் சியர்லீடிங். தாயும் மகளும் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மண்டபத்தில் பாதிப் பேருக்கு விசயம் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் மேடையில் நின்றார்.

அவமானம் தலைக்கேறிய மனிதன் அன்றைக்கு மகளைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "வாற சனிக்கிழமைப் போட்டிக்கு வாக்குக் குடுத்திட்டாயெண்டால் போ. அதோடை சரி. அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கக் கூடாது."

பதினாறு வயதுப் பிள்ளை. அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "ஓகே" என்றுவிட்டு அறைக்குள் போனாள். அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே வீட்டில் நடமாடினார்கள்.

இன்றைக்கு அந்தச் சனிக்கிழமை.

---

விக்ரோரியாவுக்குக் காலை வேலை. முதியோர் இல்லத்துச் சீருடையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தலையை வாரியபடி மற்றக் கையால் கார்த் திறப்பை எடுத்துக் கணவனுக்கு முன்னால் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் பஸ்ஸிலை போறன். இண்டைக்கு நீங்கள் மரினாவைக் கூட்டிக்கொண்டு இஷொய்க்குப் போட்டிக்குப் போங்கோ."

"ஆர், நானோ? உனக்கென்ன விசரே?"

"ஏன், கார் ஓட மறந்து போச்சோ?"

"அவள் ரெயினிலை போகட்டும்."

"போவாள். அவளுக்கு நீங்கள் தேவையில்லை. உங்களுக்குத் தான் போகவேணும். நிப்பாட்டு எண்டு சொன்ன மனுசன், எதை நிப்பாட்டினனான் எண்டு ஒருக்காக் கண்ணாலை பார்க்க வேண்டாமே?"

"எனக்குத் தெரியும் அது என்னெண்டு. டீவியிலை பார்க்காததே?"

"ஓமோம், டீவியிலை பார்த்தால் எல்லாம் தெரியும் தான்."

அந்தோனிதாசனுக்குச் சுரீரென்றது. "நீ ஏன் எனக்கு மறைச்சனீ? ஊர் முழுக்கச் சிரிக்குது. கட்டின பெண்சாதி நீ, எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை."

விக்ரோரியா வாசலில் நின்று திரும்பினாள். அவள் கோபப்பட்டால் குரல் உயராது, தாழும்.

"நான் மறைக்கேல்லை. நீங்கள் கேக்கேல்லை. றொனிஷன்ர ஃபுட்போல் ஒண்டு விடாமல் போய் நிண்டு தொண்டை கிழியக் கத்தினனீங்கள். மழைக்கும் போனீங்கள், பனிக்கும் போனீங்கள். இவளைப் பார்த்து, 'பிள்ளை, அங்கை என்ன தான் செய்யிறாய்' எண்டு ரெண்டு வருசத்திலை ஒரு நாள் கேட்டனீங்களோ?"

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தோனிதாசன் மேசையில் கிடந்த திறப்பைக் கையில் எடுத்தார். மூத்தவன் றொனிஷன் விளையாடிய காலத்தில் நடுவருக்கே பாடம் எடுத்த மனுசன், எழும்பிச் சப்பாத்தைத் தேடினார்.

---

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. மரினாவின் தலைமயிர் இழுத்துக் கட்டியிருந்தது. கண்ணிமையில் வெள்ளியாக ஏதோ மினுங்கியது.

"உதென்ன கண்ணிலை?"

"கிளிமா," என்று மினுக்குத் தூளின் பெயரை டெனிஷில் சொன்னாள். வீட்டில் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் வரும். இது மரினா பாலர் பாடசாலைக்குப் போன நாளிலிருந்து உள்ள வழக்கம்.

கொஞ்சம் தூரம் போன பிறகு அவரே மறுபடி தொடங்கினார். கேட்கவில்லை என்று இனியொருத்தி சொல்லக் கூடாதல்லவா?

"அங்கை ஆக்களைத் தூக்கிறதெண்டு கொம்மா சொன்னா. நீ மேலை ஏறுறனியோ?"

"நை," இல்லை என்றாள். "நான் பேஸ்."

"பேஸோ?" அந்தோனிதாசனுக்குப் புது எரிச்சல் ஒன்று முளைத்தது. "ரெண்டு வருசமாப் போய் இன்னும் பேசிக்கிலை தான் நிக்கிறியோ? உன்னோடை சேர்ந்த பிள்ளையள் எல்லாம் மேலை போயிருக்குமே!"

மரினா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவருக்குத் தெரியவில்லை.

---

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அந்தோனிதாசன் முதலில் செய்த வேலை, தமிழ் முகம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்ததுதான். ஒன்றும் இல்லை. இருந்தாலும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேல் வரிசையில் ஒரு மூலையில் போய் ஒதுங்கினார். பக்கத்தில் ஒரு டெனிஷ்காரர். நெடுத்த ஆள், செந்தாடி. காலியான கோப்பிக் கோப்பை ஒன்றைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

அந்தோனிதாசன் குஞ்சத்தைத் தேடினார். மண்டபம் முழுக்கத் தேடியும் ஒரு குஞ்சம் இல்லை. சிக்ஸர் அடிக்கிற ஆளும் இல்லை. நடுவில் நீல நிறத் தரை விரிப்பு. அதன் முன்னால் ஒரு மேசையில் நடுவர்கள். யாருக்காக இந்தப் பிள்ளைகள் உற்சாகம் ஊட்டுகிறார்கள் என்று பார்த்தால், ஊட்டுவதற்கு அங்கே வேறு ஆளே கிடையாது. இவர்கள்தான் ஆட்டம்.

முதல் அணி வந்தது. பாட்டு அதிர்ந்தது. நான்கு பிள்ளைகள் கையோடு கை பின்னினார்கள். ஐந்தாவது பிள்ளை அதில் கால் வைத்தாள். அடுத்த கணம் அவள் அங்கே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கூரை விளக்குகளுக்குக் கீழே, ஆகாயத்தில், ஒரு கம்பியும் இல்லாமல் கயிறும் இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தாள்.

"மாதாவே!"

வாய்விட்டே கத்திவிட்டார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை இறங்கி வந்து நான்கு பேர் கைக்குள் பத்திரமாக விழுந்து, சிரித்துக்கொண்டு எழும்பி ஓடியது. அந்தோனிதாசன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலை வியர்த்திருந்தது.

ஓரத்து மெத்தையில் அடுத்த அணிகள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தன. அங்கே மரினாவின் சிவப்புச் சட்டையைக் கண்டார். மனம் திக்கென்றது. இப்படித்தான் இவளையும் எறிவார்களோ? மேலே ஏறுவாள், ஏறுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறவில்லை. பொன்னிறத் தலைமயிரோடு ஒரு மெல்லிய டெனிஷ் பிள்ளைதான் ஏறியது. அந்தப் பிள்ளையின் சப்பாத்துக் கால், அந்தோனிதாசனின் மகளுடைய உள்ளங்கையில் இருந்தது.

பயம் போய்க் கோபம் வந்தது. பேஸ் என்றால் இதுதானா? பாண் தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்கித் தூக்கி இவருடைய தோள் போனது. தன் பிள்ளைகள் இந்த நாட்டில் ஒருவருக்கும் கீழே நிற்கக் கூடாது என்றுதானே அவ்வளவு மூட்டையும் தூக்கினார்? வந்து பார்த்தால் வெள்ளைக்காரப் பிள்ளை மேலே நின்று சிரிக்கிறது, தன் பிள்ளை கீழே நின்று காலைத் தாங்குகிறது. எழும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தார். உண்மையாகவே எழும்பியும் விட்டார்.

"கீழே நிற்கிற அந்தப் பிள்ளை உங்கள் மகளா?" என்று பக்கத்திலிருந்த செந்தாடிக்காரர் டெனிஷில் கேட்டார்.

"ஆம். மகள்," என்றார் அந்தோனிதாசன், அதே மொழியில், வெட்டினாற்போல்.

"நீங்கள் மரினாவின் அப்பாவா!" அந்த மனிதர் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அந்தோனிதாசனின் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது. "நான் யெஸ்பர். மேலே நிற்கிறவள் என் மகள், ஃப்ரேயா."

"உங்கள் மகள் கெட்டிக்காரி," என்றார் அந்தோனிதாசன் கடமைக்கு. "மேலே போகிறாள்."

"மேலே போவதற்கு மெல்லிய உடம்பும் துணிச்சலும் போதும்," என்றார் யெஸ்பர். "உங்களிடம் ஒன்று சொல்லட்டுமா? அவள் மேலே ஏறினால் நான் அவளைப் பார்ப்பதில்லை. என்னால் முடியாது. நான் உங்கள் மகளின் கையைத்தான் பார்ப்பேன். அந்தக் கை அசையாமல் இருந்தால் என் பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வருவாள்."

அந்தோனிதாசன் மெல்ல உட்கார்ந்தார்.

"என் தம்பி இதை விளையாட்டே இல்லை என்பான்," யெஸ்பர் தொடர்ந்தார். "முந்தி நானும் மணிக்கணக்கில் வாதாடுவேன். இப்போது வாதாடுவதில்லை. ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன்."

"இப்போது என்ன சொல்கிறான்?"

"பாதியில் எழும்பி வெளியே போய்விட்டான். நெஞ்சு தாங்கவில்லையாம்."

அந்தோனிதாசன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் இப்போது யெஸ்பர் சொன்ன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் மாதா திருவிழாவில் சொரூபம் வைத்த கூட்டைத் தூக்குகிற ஆள் அவர். நான்கு பேர் தோள் கொடுத்தும், ஒருவன் ஓர் அங்குலம் தாழ்ந்தால் பாரம் முழுக்க மற்றவன் கழுத்தில் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதுவும் மாதா ஆடாமல் அசையாமல் நிற்பா. இங்கே மேலே நிற்பது மூச்சு விடுகிற பிள்ளை. ஒற்றைக் காலைத் தூக்குகிறது, திரும்புகிறது, சிரிக்கிறது. கீழே மரினா கழுத்தை நிமிர்த்தி, கண்ணை அந்தப் பிள்ளையில் வைத்தபடி நிற்கிறாள். முழங்கை நேராக இருக்கிறது. நடுக்கம் இல்லை.

இந்தக் கைக்கு இவ்வளவு பலம் எப்போது வந்தது? போத்தல் மூடி திறக்கவில்லை என்று அப்பாவிடம் கொண்டு வந்து நீட்டிய கை இதுதானே?

"முன்னுக்கு வாருங்கள்," என்று யெஸ்பர் எழும்பினார். "அடுத்தது எங்கள் பிள்ளைகள். முன்னுக்கு இருந்தால் அவள் எண்ணுவது கேட்கும்."

"என்ன எண்ணுவது?"

"உங்களுக்குத் தெரியாதா?" யெஸ்பருக்கு அது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. "எல்லாரும் எட்டு வரை எண்ணித்தான் தூக்குவார்கள், இறக்குவார்கள். பாட்டு இரைச்சலில் ஆளாளுக்கு டெனிஷில் கத்தினால், மேலே நிற்கிறவளுக்கு யாருடைய குரல் என்று பிடிபடாது. அதனால் மரினா உங்கள் மொழியில் எண்ணுவாள். ஃப்ரேயா அந்தக் குரலுக்கு மட்டும்தான் காது கொடுப்பாள். எங்கள் வீட்டில் எனக்குக்கூட அது பாடம்." செந்தாடிக்குள்ளிருந்து நாக்குச் சுளுக்கிக்கொண்டு வந்தது: "ஏலு... எத்து."

அந்தோனிதாசன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் முன் வரிசைக்கு இறங்கினார்.

---

சிவப்புச் சட்டைகள் விரிப்புக்கு வந்தன. பாட்டு வெடித்தது. முன் வரிசையில் இருந்தபோது தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. பிள்ளைகள் ஓடினார்கள், கரணம் அடித்தார்கள், ஒருத்தியைத் தாண்டி ஒருத்தி பறந்தார்கள். அந்தோனிதாசன் தன் மகளைத் தவிர ஒருத்தியையும் பார்க்கவில்லை.

"அஞ்சு! ஆறு! ஏழு!"

கேட்டது. இரைச்சலை வெட்டிக்கொண்டு வந்து காதில் விழுந்தது. வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் தமிழில் பதில் சொல்லப் பஞ்சிப்படுகிற பிள்ளை, ஓர் உயிரைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு தமிழில் எண்ணியது. அவருக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டது.

"எட்டு!"

ஃப்ரேயா மேலே போனாள். நின்றாள். மண்டபம் ஆர்ப்பரித்தது. சுழன்று இறங்கினாள். மறுபடி ஏறினாள். இந்த முறை இன்னும் உயரம், ஒற்றைக் கால். யெஸ்பர் சொன்னபடியே மகளைப் பார்க்காமல் மரினாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. எதிர்ப்பக்கத்தில் தாங்கி நின்ற பிள்ளையின் கால் விரிப்பில் சறுக்கியது. அவள் மடங்கினாள். மேலே நின்ற ஃப்ரேயா ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையும் முதுகும் முன்னே வர விழுந்தாள்.

யெஸ்பரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

மரினா பின்வாங்கவில்லை. இயல்பாக யாருக்கும் கை முகத்துக்குத்தான் போகும், தன்னைக் காப்பாற்றத்தான் உடம்பு பார்க்கும். இவளோ, ஃப்ரேயா விழுகிற இடத்துக்கு உள்ளே பாய்ந்தாள். நெஞ்சை விரித்துக் கொடுத்தாள். ஃப்ரேயாவின் முழங்கை வந்து மரினாவின் வாயில் இடித்தது. பாரத்தில் மரினா முழங்காலில் இறங்கினாள். ஆனால் ஃப்ரேயாவின் தலை விரிப்பில் படவில்லை. தோளும் படவில்லை. மரினாவின் இரண்டு கைக்குள் கிடந்தாள்.

இதழ் வெடித்து இரத்தம் வடிந்தது. மரினா அதைத் தோளில் துடைத்தாள். சறுக்கிய பிள்ளை எழும்பித் தன் இடத்துக்கு ஓடி வந்தாள். பாட்டு யாருக்காகவும் நிற்கவில்லை.

"ஒண்டு! ரெண்டு!"

மறுபடியும் எண்ணத் தொடங்கிவிட்டாள்! விழுந்த பிள்ளை ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அந்தக் கையில் காலை வைத்தது. ஏழு, எட்டு. மேலே போய் நிமிர்ந்து நின்றது.

மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. அந்தோனிதாசன் எப்போது எழும்பினார் என்று அவருக்கே தெரியாது. கைதட்டினாரா என்று கேட்காதீர்கள். அவருடைய இரண்டு கையும் யெஸ்பரின் தோளைப் பிடித்திருந்தன. யெஸ்பர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அந்தோனிதாசன் காலம் முழுக்க விளையாட்டுப் பார்த்தவர், விளையாடியவர், பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர். இப்படியொன்றை அவர் பார்த்ததில்லை. தன் வீட்டுச் சமையலறையில் தோசைக்குச் சண்டை பிடிக்கிற பிள்ளையா இது என்று நம்ப முடியாமல், அந்தச் சிவப்புச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

---

விழுந்ததற்குப் புள்ளி வெட்டிவிட்டார்கள். இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதார்கள்.

மரினா உதட்டில் பஞ்சை வைத்து அழுத்தியபடி தகப்பனிடம் வந்தாள். முகத்தில் மினுக்கமும் வியர்வையும் கலந்து வழிந்திருந்தன.

"முடிந்தது," என்றாள் டெனிஷில். "சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன். போகலாம்."

"வாயைக் காட்டு."

"ஒன்றுமில்லை."

"காட்டெண்டு சொன்னனான்."

காட்டினாள். பல்லு முழுதாக இருந்தது. அந்தோனிதாசன் அவளுடைய கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டிக்கு மேலே, முன்கை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் கண்டல். புதுசும் பழசும். இதை மறைக்கத்தான் கோடையிலும் நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாளா? இவர் அதைப் பார்த்து, அடக்கமான பிள்ளை என்று பெருமைப்பட்டாரே!

"பிள்ளை," என்றார். "நிப்பாட்ட வேண்டாம். நான் தெரியாமல் கதைச்சிட்டன். நீ நிப்பாட்ட வேண்டாம்."

மரினா தலையை ஆட்டினாள். "நான் காலமை கமிலாட்டைச் சொல்லிட்டன் அப்பா."

தமிழில் சொன்னாள். அவர் அதைக் கவனித்தார்.

"கமிலா ஆர்?"

"எங்கட ட்ரெய்னர். வாற வருச அணிக்கு நான் வரேல்லை எண்டு சொல்லிட்டன். என்ர இடத்தை வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டா."

"நான் சொன்னதாலை தானே? நானே வந்து மாத்திச் சொல்லுறன்."

"இல்லை. நீங்கள் சொன்னதாலை இல்லை." பஞ்சை எடுத்துவிட்டுக் கீழே பார்த்தாள். "நீங்கள் வேண்டாம் எண்டால் நான் சண்டை பிடிச்சிருப்பன். அம்மாவும் என்ர பக்கம் தான். ஆனால் அண்டைக்கு ஹோலிலை எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சினம். நான் பின்னாலை நிண்டனான். நீங்களும் தெரியாமல் சேர்ந்து சிரிச்சீங்கள். நான் முதலே சொல்லியிருந்தால் ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டினம்."

"அதுக்கு நீ என்னம்மா செய்வாய்?"

"ஆர் விழுந்தாலும் நான் தானே பிடிக்கிறனான்." அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. விழுந்தபோது வரவில்லை, உதடு வெடித்தபோது வரவில்லை. "உங்களை விழ விட்டிட்டன் அப்பா."

அந்தோனிதாசன் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். சேர்ட்டில் இரத்தம் பட்டது. ஒரு கிழமையாகத் தன் மானம் போனது என்றுதான் புழுங்கினார். அந்த மானத்துக்காக இந்தப் பிள்ளை தன் உயிரான ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு வாய் திறக்காமல் நடந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்று, இவள் என் பிள்ளையா என்கிற திகைப்பு, நெஞ்சை அடைத்தது.

"நட," என்றார். "கமிலாவைக் காட்டு."

கமிலா மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தோனிதாசன் போய் நேரே முன்னால் நின்றார். இரண்டு கை அசைவும் நான்கு சொல்லுமாகக் காலம் தள்ளிய டெனிஷ் அவருடையது. இன்றைக்கு அதை முழுக்க அள்ளி எடுத்தார்.

"நான் மரினாவின் அப்பா. நான் வேண்டாம் என்று சொன்னேன். நான் பிழை. இது விளையாட்டு. பெரிய விளையாட்டு. மரினாவின் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

கமிலா கையிலிருந்த மெத்தையை இறக்கி வைத்தாள். முகத்தில் இரக்கம் இருந்தது. ஆனால் தலை அசைந்தது இல்லை என்றுதான்.

"அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுடைய பெற்றோருக்கும் சொல்லியாயிற்று. இனி அவளைப் போ என்று சொல்வது நியாயமா?"

நியாயம் இல்லைத்தான்.

"ஒன்று மட்டும் செய்யலாம்," என்றாள் கமிலா கொஞ்சம் யோசித்து. "செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு இருவரும் வரட்டும். இருவரையும் பார்த்த பிறகுதான் முடிவு. மரினாவுக்குத்தான் கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. சியர்லீடிங் விளையாட்டா இல்லையா என்று கழகம் கூடி வாக்கெடுக்கப் போகிற அதே நேரம். இரண்டு பக்கமும் சரிசமன், தலைவரின் வாக்குத்தான் தீர்மானிக்கும் என்று ஸ்ரனிஸ்லாஸ் நேற்றும் எடுத்துச் சொல்லியிருந்தார். அந்த ஸ்ரனிஸ்லாஸ்தான் இப்போதும் சட்டைப் பைக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தார். அந்தோனிதாசன் ஃபோனை வெளியே எடுக்காமலே அழுத்தி நிறுத்தினார்.

"ஆனால் அதற்கு முன்னால் ஒன்று," என்று கமிலா மரினாவின் பக்கம் திரும்பினாள். "காலையில் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் வேண்டாம் என்றாய். அப்பா சொல்வது எனக்குப் போதாது. உன் வாயால் கேட்க வேண்டும். உனக்கு இது வேண்டுமா?"

மரினா வாயைத் திறந்தாள். டெனிஷ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. டொக்டரிடம் போனாலும், நகரசபைக் கொம்யூனுக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும், ஏழு வயதிலிருந்து அப்பாவுக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் அவள்தான். இன்றைக்கு அந்த மொழி வரவில்லை. அவள் கமிலாவைப் பார்க்கவும் இல்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.

கமிலா விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யா," என்றார் அந்தோனிதாசன் டெனிஷில். "என்னுடைய மகள் 'யா' என்று சொல்கிறாள்."